சீசனுக்கு விட்ட வீடு

— மெதுவாப் பேசு ஜெனிஸ். உள்ள இருக்கறவங்களுக்குக் கேக்கப் போகுது.

— கேக்காதுக்கா. இந்துவைத் தவிர ஒருத்தியும் ஒம்பது மணிக்கு முன்னாடி எந்திரிக்க மாட்டா.

— அப்புறம் எதுக்குப் புள்ள என்னை இருட்டோட எழுப்பி வெந்நி போடச் சொன்ன?

— அந்த இந்துவுக்குத்தான். தலைக்கு ஊத்தணுமாம்.

— நேத்துந்தான் ஊத்துனாங்க. முந்தாநேத்தும் ஊத்துனாங்க. அப்படி என்ன மண்ணு மூட்டையா சுமக்கறாங்க தலையில? சீசன்ல லாரித் தண்ணி என்ன வெலை விக்குதுன்னு தெரியுமா உனக்கு? அந்தச் சீகை விறகைக் கொஞ்சம் அக்கட்டால தள்ளு. பச்சையா இருக்குது, பொகை கண்ணைப் புடுங்குது.

— ஐயோ, ஸ்வெட்டரெல்லாம் கரி. இப்படியே உள்ள போனா என்ன நெனப்பாங்க?

— கொட்டாய்ல அடுப்பு எரிச்சான்னு நெனப்பாங்க. வேற என்னத்த நெனைக்கறது? அஞ்சு வருஷமா மே மாசம் வந்தா ஊட்டை டூரிஸ்ட்டுக்கு விட்டுட்டு, நாம ரெண்டு பேரும் இந்த விறகுக் கொட்டாய்லதான கெடக்கறோம்? இதுல என்ன புதுசு?

— அதைத்தான் சொல்றேன். அம்மா செத்த வருஷத்துல இருந்து ஒவ்வொரு சீசனுக்கும் எலிப்புழுக்கை நாத்தத்துல படுத்து எந்திரிச்சு வெறுத்துப் போச்சு.

— இந்த வருஷம் நீ எங்க அம்மிணி இங்க படுத்த? நாலு நாளா உள்ள அவங்களோடதான படுத்துக்கற? அது எனக்குச் சுத்தமாப் புடிக்கல, சொல்லிட்டேன். வாடகைக்கு வந்த பார்ட்டியோட நமக்கென்ன கொஞ்சல் குலாவல்? பணம் குடுத்த நாளைக்கு அது அவங்க ஊடு. நம்ம ஊடே ஆனாலும் நாம கதவைத் தட்டிட்டுத்தான் போகணும். அம்மா இருந்திருந்தாலும் இதைத்தான் சொல்லிருக்கும்.

— ஒரே வயசுப் புள்ளைங்கக்கா. கூப்பிடறாங்க, போறேன். இதெல்லாம் ஒரு தப்பா?

— வயசு ஒண்ணுதான். அவங்க செருப்பு வெலை உன்னோட ஒரு மாச மெஸ் பில்லு. அதையும் பாத்துக்க.

— ஆரம்பிச்சுட்டியா? காலங்காத்தால வெலை சொல்ல ஆரம்பிச்சுட்டியா?

— சரி, வெலையை விடு. பணம் எங்க?

— எந்தப் பணம்?

— எந்தப் பணமா? நல்லா இருக்குதே கதை. அஞ்சு நாள் வாடகை, ஒரு நாளைக்கு ஏழாயிரம். "புரோக்கர் இல்லாம நானே ஆன்லைன்ல ஆள் புடிச்சுட்டேன், பணம் என் அக்கவுண்ட்டுக்கே வந்துருச்சு, நீ முருகண்ணனுக்குக் கமிஷன் அழுவ வேண்டாம்"னு பெரிய மனுசியாட்டப் பேசுனயே. அந்தப் பணம்.

— அனுப்பறேன்க்கா. பேங்க் சர்வர் டவுனா இருக்குது.

— நாலு நாளாவா? ஏரிக்கிட்ட வேர்க்கடலை விக்கறவன்கூட ஃபோனைக் காட்டிக் காசு வாங்கறான். அவனுக்கெல்லாம் வேலை செய்யற பேங்க் உனக்கு மட்டும் படுத்துக்குதா?

— டென்ஷன் ஆகாதக்கா, ப்ளீஸ்.

— ஆகாம என்ன பண்றது? நேத்து உங்க காலேஜ் ஆபீஸ்ல இருந்து ஃபோன் வந்துச்சு. கடை பூரா கூட்டம். சாக்லேட் பெட்டி மடிச்சுட்டு இருந்தவ கையைத் துடைச்சுட்டு வெளிய ஓடியாந்து பேசறேன். "கடைசி வருஷ ஃபீஸ் இன்னும் வரலீங்க, திங்கக்கெழமைதான் கெடு, அதுக்கு மேல பேரை எடுத்துருவோம்"னு ஒரு அம்மா சொல்லுது. "இந்த வாரத்துல கட்டிர்றேனுங்க"ன்னு நாலு தடவை சொன்னேன். யாரை நம்பிச் சொன்னேன்? உன்னை நம்பி.

— அவங்க எல்லாருக்கும் அப்படித்தான் ஃபோன் போடுவாங்க. சும்மா மெரட்டல்.

— சும்மாவோ நெசமோ. அம்பத்திரெண்டாயிரம் கட்டணும். என் கையில பதினேழு இருக்குது. மிச்சம் பூரா இந்த ஃப்ளவர் ஷோ வாரத்து வாடகையை நம்பித்தான். இதை விட்டா மழை வந்துரும், மழையில எவன் வர்றான் ஊட்டிக்கு? இந்த ஒரு வருஷம் கட்டிட்டா உன் படிப்பு முடியுது. நானும் நிம்மதியா ஒரு மூச்சு விடுவேன். அதுக்காகத்தான் வருஷம் தவறாம வர்ற ஈரோட்டு வாத்தியார் குடும்பத்தையே "ஊடு குடுத்தாச்சுங்க"ன்னு திருப்பி விட்டேன். முருகண்ணன் சேரிங் கிராஸ்ல இருந்து ஃபோன் போட்டு, "ரோஸ்மேரி, எட்டாயிரத்துக்குப் பார்ட்டி கையில நிக்குது, சாவியைக் குடு"ன்னு கெஞ்சுனாரு. உன் பேச்சைக் கேட்டுட்டு முடியாதுன்னுட்டேன். ஃபோனை எடு. என் கண்ணு முன்னாடி அனுப்பு.

— அக்கா...

— எடு புள்ள.

— அனுப்ப முடியாதுக்கா.

— ஏன் முடியாது?

— பணம் வரவே இல்ல.

— என்னது? நாலு நாளா ஊட்டுக்குள்ள உக்காந்துட்டு ஒரு ரூவா குடுக்கலயா? நல்ல ஆளைப் புடிச்ச போ. நகரு, நானே போய்க் கதவைத் தட்டிக் கேக்கறேன்.

— ஐயோ வேண்டாம்! அக்கா, உக்காரு. உன் கால்ல வேணாலும் விழறேன், உக்காரு. அவங்க பார்ட்டி இல்ல. என் ஃபிரண்ட்ஸு. என் கிளாஸ்ல படிக்கறவங்க.

— உன் கிளாஸா?

— ம். விருந்தாளியா, ஒறம்பரையா வந்துருக்காங்க. வீட்டுக்கு வந்த ஒறம்பரைகிட்ட யாராச்சும் வாடகை கேப்பாங்களா?

— ஃப்ளவர் ஷோ வாரத்துலயா ஒறம்பரை? மத்த மாசமெல்லாம் நான் ஒருத்தி மட்டும் கெடக்கற ஊடு. ஜூலையில வரச் சொல்லிருந்தா நானே கோழி வாங்கிக் கொழம்பு வெச்சுப் போட்டு, ஒட்டுப்போர்வை எடுத்து விரிச்சு வெச்சுருப்பேன். சோறு போடற வாரத்தைப் போய் ஓசிக்குக் குடுத்துட்டு, எங்கிட்ட ஏழாயிரம் வருதுன்னு கத சொல்லிருக்கற.

— ஜூலை மழையில யாரு வருவா? அவங்க ஃப்ளவர் ஷோ பாக்கணும்னாங்க. ரெண்டு வருஷமா "ஊட்டிப் பொண்ணே, எங்களை எப்பக் கூட்டிட்டுப் போகப் போற"ன்னு கேட்டுட்டே இருந்தாங்க. எத்தனை தடவை தட்டிக் கழிக்கறது?

— முடியாதுன்னு சொல்றது.

— உனக்கு அது ஈசி. நீ எல்லாத்துக்கும் முடியாதுன்னு சொல்லித்தான் பழகிருக்க. மாசம் மூணாயிரம் அனுப்புவ. ஞாயித்துக்கெழமை ஆனா ஃபோன் போட்டு, எத்தனை டீ குடிச்ச, பஸ்ஸுக்கு எவ்வளவு ஆச்சு, சோப்பு எத்தனை நாள் வந்துச்சுன்னு கேப்ப. கோயமுத்தூர்ல மூணாயிரத்துல ஒரு பொண்ணு எப்படி இருக்கறான்னு ஒரு நாளாவது யோசிச்சுப் பாத்தியா? பிறந்த நாளு, சினிமா, ஹோட்டலுன்னு எங்க போனாலும் இந்துதான் என் பங்கையும் சேத்துக் குடுப்பா. ஒரு தடவைகூட மூஞ்சி சுளிச்சதில்ல. அவளுக்கு நான் ஒரு நாலு நாளாச்சும் நல்லா செய்ய வேண்டாமா?

— உன் பங்கை இன்னொருத்தி குடுக்கற எடத்துக்கு நீ எதுக்குப் போன?

— பின்ன ரூம்ல தனியா உக்காந்து செவுத்தைப் பாக்கறதா?

— பாக்கறது. நான் பாக்கல? அம்மா செத்தப்ப சித்தப்பா பணம் தர்றேன்னாரு. சர்ச்சுப் பங்குச் சாமியார் உன் படிப்புக்கு எங்கியோ எழுதிப் போட்டு வாங்கித் தர்றேன்னாரு. வேண்டாங்க சாமின்னு சொல்லிட்டு வந்தேன். நமக்குக் கை கால் இருக்குது, அப்பா கட்டுன ஊடு இருக்குது, யார்கிட்டயும் கை நீட்டாம என் தங்கச்சியைப் படிக்க வெச்சுருவேன்னேன். அதுக்குத்தான் இந்தப் பொகையில நிக்கறேன்.

— அது உன் வறட்டு கௌரவம். அதுக்காக நான் எதுக்குப் பட்டினி கெடக்கணும்?

— பட்டினியா? நான் உன்னைப் பட்டினி போட்டனா?

— இல்ல... நான் அப்படிச் சொல்ல வரல.

— வந்துருச்சு வாயில. இனி என்ன? இருக்கட்டும். இன்னொண்ணு கேக்கணும் உன்னை. கம்பளியை உதறலாம்னு அந்த மூலைக்குப் போனேன். விறகுக்குப் பின்னால துண்டுல சுத்தி இந்தப் போட்டோ கெடந்துச்சு.

— ஓ, அதுவா? கண்ணாடி ஒடஞ்சுருமேன்னு நான்தான் எடுத்து வெச்சேன்.

— எப்பவும் ஆளுங்க வந்தா எல்லாப் போட்டோவையும் எறக்கிப் பெட்டியில போடுவோம். இந்தத் தடவை எறக்கவே கூடாதுன்னு நின்ன. சரி, சின்னப்புள்ள, ஆசைப்படறான்னு விட்டேன். அப்பா போட்டோ செவுத்துல இருக்குது. அம்மா போட்டோ இருக்குது. நீ சர்ச்சுல புதுநன்மை வாங்குன போட்டோ, ஸ்கூல்ல கப்பு வாங்குன போட்டோ எல்லாம் இருக்குது. நானும் நிக்கறது இந்த ஒரு போட்டோதான். இது மட்டும் எப்படிப் புள்ள விறகுக்குப் பின்னால வந்துச்சு?

— தண்ணி கொதிக்குதுக்கா.

— கொதிக்கட்டும். கேட்டதுக்குப் பதில் சொல்லு.

— கோவிச்சுக்க மாட்டியே?

— சொல்லு.

— அவங்ககிட்ட எங்கக்கா வெளிநாட்டுல இருக்கறான்னு சொல்லி வெச்சுருக்கேன்.

— வெளிநாட்டுல எங்க?

— அயர்லாந்துல. நர்ஸா இருக்கறான்னு.

— நர்ஸா...

— காலேஜ் சேந்த புதுசுல கேட்டாங்கக்கா, அப்பா அம்மா இல்லயே, உன்னை யாரு படிக்க வெக்கறாங்கன்னு. கடையில சாக்லேட் பெட்டி மடிக்கறான்னு எனக்கு வாய்ல வரல. அப்பா செத்தப்ப நீ நர்சிங் சீட்டை விட்டுட்டு வேலைக்குப் போனதை அம்மா சாகற வரைக்கும் சொல்லிச் சொல்லி அழும்ல? அது மனசுல இருந்துச்சு. பட்டுனு வந்துருச்சு. அப்புறம் மாத்த முடியல.

— சரி. உங்கக்கா அயர்லாந்துல இருக்கறா. அப்ப இங்க இருக்கற நான் யாரு?

— அக்கா, அதை விடேன்.

— நாலு நாளா வெந்நியைத் தூக்கிட்டுப் போய்க் கதவுகிட்ட வெக்கறேன். தின்ன தட்டைக் கழுவறேன். அந்தச் சுருட்டை முடிக்காரி ஈரத் துண்டை என் தோள்ல போட்டுட்டு ஃபோன் பேசிட்டே போறா. பார்ட்டிதான, பணம் குடுக்கறாங்க, போகட்டும்னு பல்லைக் கடிச்சுட்டு இருந்தேன். அவங்களுக்கு நான் யாரு ஜெனிஸ்?

— வீட்டைப் பாத்துக்கறவங்கன்னு சொன்னேன்.

— பாத்துக்கறவங்கன்னா?

— வேலைக்கு இருக்கறவங்கன்னு.

— வேலைக்காரி.

— அந்த வார்த்தையை நான் சொல்லவே இல்லக்கா, சத்தியமா.

— வேற எந்த வார்த்தையில சொன்னாலும் அதுதான.

— யாரும் உன்னைக் கேவலமா நடத்தலக்கா. இந்து உன்னை அக்கான்னுதான கூப்பிடறா?

— அவ கூப்பிடறா. நீதான் கூப்பிடல. இப்பத்தான எனக்கு உறைக்குது. நாலு நாளா அவங்க முன்னாடி நீ ஒரு தடவைகூட அக்கான்னு சொல்லல. "ரோசி, டீ வந்துச்சா"ன்ன. "ரோசி, பெட்ஷீட் மாத்தணும்"ன்ன. வெளையாடறயாக்கும்னு நெனச்சு நானும் சிரிச்சுட்டே மாத்துனேன். எனக்கு வலிக்குது புள்ள. சும்மா வாய்ப்பேச்சுக்குச் சொல்லல, இங்க நெஞ்சுக்குள்ள வலிக்குது. அம்மாவைப் பொதைச்சுட்டு வந்து நின்னப்பகூட இப்படி இல்ல. அப்ப நீ என் கையைப் புடிச்சுட்டு நின்ன.

— அழாதக்கா. ப்ளீஸ். நீ அழுதா எனக்கும் வருது.

— வரட்டும். உனக்குக் கொஞ்சம் வரட்டும்.

— தப்புதான். நான் பண்ணது பெரிய தப்புதான். நாளைக்கு மத்தியானம் அவங்க கெளம்பிருவாங்க. அது வரைக்கும் மட்டும் என்னைக் காப்பாத்து. இந்துவோட அப்பாவுக்குப் பெரிய மில்லு இருக்குது. படிச்சு முடிச்சதும் அக்கவுண்ட்ஸ்ல எனக்கு வேலை போட்டுத் தர்றேன்னு அவரே சொல்லிருக்காரு. இப்பப் போய் எல்லாம் பொய்னு தெரிஞ்சா என்னைத் திரும்பிப் பாப்பாங்களா? நான் வேலைக்குப் போனா யாருக்கு நல்லது? உனக்குந்தான நல்லது?

— எனக்கு நல்லது பண்ணத்தான் என்னை வேலைக்காரி ஆக்குனியா?

— நீ எதைச் சொன்னாலும் திருப்புவ. உனக்குப் பணத்தைச் சேக்கத் தெரியும், அவ்வளவுதான். ஒரு பொண்ணு மனசுல என்ன ஓடுதுன்னு தெரியாது. எங்கிட்ட நீ என்னைக்காச்சும் நல்லா இருக்கியான்னு கேட்டுருக்கியா? எவ்வளவு ஆச்சுன்னுதான கேட்டுருக்க?

— ஆமா. அப்படித்தான் கேட்டுருக்கேன்.

— பாத்தியா? நீயே சொல்ற.

— இருபத்திரெண்டு வயசுல ஊட்டைக் கையில எடுத்தேன். யாரும் எனக்குச் சொல்லித் தரல, எதைக் கேக்கணும், எதைக் கேக்கக் கூடாதுன்னு. காசு தீந்துரக் கூடாதேங்கற பயம் ஒண்ணுதான் எனக்குத் தெரிஞ்சது. அந்தப் பயத்துலதான் கேட்டேன். அது உனக்கு அன்பாத் தெரியலன்னா நான் என்ன பண்றது?

— நான் அப்படிச் சொல்லலக்கா...

— போதும். சொன்னது போதும், கேட்டதும் போதும். இப்ப ஃபீஸுக்கு என்ன பண்றது, அதைப் பேசு.

— நீ என்ன பண்ணலாம்ங்கற?

— அம்மா கம்மல் இருக்குது. பத்து மணிக்கு அடகுக்கடை தெறக்கும். கடைக்குப் போற வழியில வெச்சுட்டுப் போறேன்.

— அதுக்கு எவ்வளவு வரும்?

— இருபது குடுப்பாங்க.

— பத்தாதே.

— மிச்சத்துக்குக் கடையில முன்பணம் கேக்கறேன். இத்தனை வருஷத்துல ஒரு தடவைகூடக் கேட்டதில்ல. கேட்டா மொதலாளி இல்லைன்னு சொல்ல மாட்டாரு.

— சரிக்கா. அப்புறம் நான் வேலைக்குப் போயி மீட்டுத் தந்துர்றேன்.

— மீட்டுத் தருவ. கம்மலை மீட்டுருவ.

— கோவமா?

— கோவப்படறதுக்கு நேரமில்ல. நாளைக்கு மத்தியானம் வரைக்கும்தான? நீ சொன்ன மாதிரியே இருந்துக்கறேன். வேலைக்காரியாவே இருந்துக்கறேன். ஆனா ஒண்ணு. ரோசின்னு கூப்புடாத. "ஏங்க"ன்னு கூப்புடு. வேலைக்கு இருக்கறவங்களை அப்படித்தான் கூப்புடணும். அந்த மரியாதையையாச்சும் நான் உனக்குச் சொல்லிக் குடுத்ததா இருக்கட்டும்.

— தேங்க்ஸ்க்கா. நீ ரொம்ப நல்லவ. இந்து வந்தா எதுவும் பேசிக்காத, என்ன? அவ ரொம்ப நோண்டுவா. ஆமா இல்லன்னு சொல்லி அனுப்பிரு. நான் போயி பாலும் பிரெட்டும் முட்டையும் வாங்கிட்டு வந்துர்றேன்.

— காசு?

— இருக்குது.

— ரோடு பனியில நனைஞ்சு கெடக்குது. பாத்துப் போ.

— ரோசிக்கா? ரோசிக்கா, உள்ள இருக்கீங்களா?

— யாருங்க? வாங்கம்மா. தலை குனிஞ்சு வாங்க, கதவு நெலை இடிக்கும்.

— நான்தான், இந்து. ஜெனிஸ் இல்லையா?

— பால் வாங்கப் போயிருக்காங்க. இப்பத்தான் கேட்டைத் தாண்டுனாங்க. வெந்நி ரெடிங்கம்மா, கொண்டாந்து வெக்கறேன். நீங்க எதுக்கு இந்தக் கரியில எல்லாம் காலை வெக்கறீங்க?

— பரவால்லக்கா, நானே தூக்கிக்கறேன். எனக்காக நீங்க இவ்வளவு காலையில எந்திரிக்கறீங்கன்னே எனக்குத் தெரியாது. சாரிக்கா. ஐயோ, நீங்க இங்கயா படுத்துக்கறீங்க? இந்தக் குளிர்லயா?

— பழக்கம்தானுங்க.

— அக்கா, என்ன இது, கண்ணெல்லாம் சிவந்து போய்... அழுதீங்களா?

— ஆமாங்கம்மா. அழுதேன்.

— ஏன்க்கா? நாங்க யாராச்சும் ஏதாவது சொல்லிட்டோமா?

— உங்களைச் சொல்லி என்ன இருக்குதுங்க? நீங்க நல்ல புள்ளைங்க. எனக்கு ஒரு தங்கச்சி இருக்குதுங்க, காலேஜ்ல. திங்கக்கெழமைக்குள்ள ஃபீஸு கட்டணும். அந்த ரோசனைதான்.

— அது இன்னும் கட்டலையா? அதான் நாங்க குடுத்துட்டோமேக்கா!

— என்னதுங்க?

— உங்க தங்கச்சி ஃபீஸுக்குத்தான். ஐயோ, சொல்லிருக்கக் கூடாதோ? ஜெனிஸ் உங்ககிட்ட யார் குடுத்ததுன்னு சொல்ல மாட்டேன்னு சொன்னா. நீங்க ரோஷக்காரங்க, தெரிஞ்சா வாங்கிக்க மாட்டீங்கன்னு.

— இல்லீங்கம்மா, சொல்லுங்க. பரவால்ல. நான் தெரிஞ்சுக்கணும்.

— போன மாசம் அவ எங்க வீட்டுக்கு வந்திருந்தா. அப்பாகிட்ட உங்களைப் பத்திச் சொன்னா. எங்க வீட்ல ரோசின்னு ஒருத்தங்க இருக்காங்க அங்கிள், அவங்க படிப்பை விட்டுட்டுத் தங்கச்சியைப் படிக்க வெக்கறாங்க. வர்ற காசுல ஒரு டீகூடக் குடிக்காம சேத்து வெக்கறாங்க, புகையில நின்னு நின்னு கண்ணு கெட்டுப்போச்சு, ஒரு நல்ல சேலை எடுத்து நான் பாத்ததில்லன்னு. அவ அக்கா அயர்லாந்துல இருந்து அனுப்பற பணம் லேட்டாயிருச்சாம், இல்லன்னா அவங்களே குடுத்துருப்பாங்களாம். சொல்லும்போதே ஜெனிஸ் தேம்பித் தேம்பி அழுதாக்கா. நடிச்செல்லாம் அப்படி அழ முடியாது. எங்கப்பாவே கண்ணைத் துடைச்சுக்கிட்டாரு.

— இவ்வளவும் அவங்களே சொன்னாங்களாங்கம்மா? டீ குடிக்காதது எல்லாம்?

— ஒண்ணு விடாம. நீங்க லக்கிக்கா, உங்களை அவ அவ்வளவு கவனிச்சுப் பாத்துருக்கா.

— எவ்வளவு குடுத்தீங்க?

— அப்பா முப்பதாயிரம். நாங்க நாலு பேரும் ஆளுக்கு ஐயாயிரம் போட்டோம். மொத்தம் அம்பது. அன்னைக்கே அவ அக்கவுண்ட்ல போட்டாச்சு.

— போன மாசமே.

— ஆமாக்கா. ஒருவேளை நாங்க போனதுக்கப்புறம் குடுக்கலாம்னு வெச்சுருக்காளோ என்னவோ. அவ மனசு எனக்குத் தெரியும். இங்க வந்ததுல இருந்து எங்களை ஒரு பைசா எடுக்க விடல. போட்டிங்கு, ஹோட்டல், டாக்ஸி, ஃப்ளவர் ஷோ டிக்கெட்டு எல்லாம் அவதான். "என் ஊருக்கு வந்துட்டு உங்க பர்ஸைத் தொடக்கூடாது"ன்னு ஒரே சண்டை.

— எல்லாம் அவங்கதான் குடுத்தாங்களா?

— எல்லாம். நேத்து டின்னர் மட்டுமே நாலாயிரத்துக்கு மேல. ராணி மாதிரி எடுத்து நீட்டுனா. அக்கா, ஏன் அப்படிப் பாக்கறீங்க? நான் ஏதாவது தப்பாச் சொல்லிட்டேனா?

— இல்லீங்கம்மா. நீங்க ஒருத்தங்கதான் சரியாச் சொன்னீங்க.

— உங்க தங்கச்சி நல்லாப் படிப்பாளா?

— கெட்டிக்காரிங்க. கணக்குல அவளை அடிச்சுக்க ஆளில்ல.

— அப்ப கவலையே படாதீங்க. படிச்சு முடிச்சதும் அப்பாகிட்டச் சொல்லி அவளுக்கும் ஒரு வேலை பாத்துத் தர்றேன். அதோ, கேட்டுச் சத்தம். ஜெனிஸ் வந்துட்டா போல. நான் அவகிட்ட எதையும் கேட்டுக்கல, சரியா? நீங்களும் கேக்காதீங்க, பாவம், வருத்தப்படுவா. அவளே குடுப்பா.

— இருங்கம்மா, போயிராதீங்க. உள்ள தூங்கற மூணு பேரையும் எழுப்பிக் கூட்டிட்டு வாங்க, ஜெனிஸம்மாவையும் இங்க வரச் சொல்லுங்க. என் தங்கச்சி ஃபீஸை நீங்க குடுத்தீங்க, அவங்க இன்னும் எங்கிட்டக் குடுக்கலீங்க. உங்க நாலு பேரு முன்னாடி வெச்சே நான் கேட்டு வாங்கிக்கறேன்.